மண்டைக்குள் அழுத்தம், சுருங்கும் பார்வை: மாத்திரையா, ஷண்டா, ஸ்டென்டா?

"தங்கச்சிக்கு 26 வயசு. மார்த்தாண்டத்துல காட்டுனப்ப மாத்திரை போதும்னு சொன்னாங்க. திருவனந்தபுரம் கொண்டு போனா டியூப் வைக்கணும்னு சொல்லுதாங்க. யாரு சொல்லுதத கேக்கது?"

மண்டைக்குள் நீரழுத்தம் ஏறிப் பார்வை குறைகிறவர்களின் வீட்டில், குழித்துறை, களியக்காவிளை, எல்லை தாண்டிப் பாறசாலை என்று எங்கிருந்து கேட்டாலும் கேள்வி ஏறக்குறைய இதேதான். கேட்பவர்கள் மனதில், இரண்டு டாக்டர்களில் ஒருவர் பணத்துக்காகச் சொல்கிறார் என்ற சந்தேகம் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். முதலாமவர் பார்த்த கண்ணும் மூன்று வாரம் கழித்து அடுத்தவர் பார்த்த கண்ணும் ஒரே நிலையில் இருந்திருக்காது.

பார்வைப் புலத்தை, அதாவது நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்பதை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுப்பதுதான் என் வேலை. நான் டாக்டர் இல்லை. எந்தச் சிகிச்சை என்று முடிவு சொல்ல வேண்டியவர் கண் நரம்பியல் டாக்டரும் நரம்பியல் அறுவை டாக்டரும்தான். ஆனால் அவர்கள் முன்னால் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும், எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் பாதிக் குழப்பம் தீரும்.

## முதலில் நோய் எப்படிக் கண்ணைத் தொடுகிறது

மூளையைச் சுற்றி ஒரு நேரத்தில் 150 மில்லி அளவுக்கு நீர் இருக்கும். தினமும் ஏறத்தாழ 500 மில்லி புதிதாகச் சுரந்து, அதே அளவு ரத்தக் குழாய்களுக்குள் வடிந்துவிடும். வடிவது தடைப்பட்டால் அழுத்தம் ஏறும். மூளையைப் போர்த்தியிருக்கும் உறையே கண் நரம்பின் மேலும் நீண்டு கண் விழியின் பின்பக்கம் வரை வருவதால், மண்டைக்குள் ஏறிய அழுத்தம் நேராகக் கண் நரம்பை நெருக்குகிறது. நரம்பின் முனை வீங்குகிறது. இந்த வீக்கத்துக்குத்தான் பாப்பிலிடிமா என்று பெயர்.

முதுகில் ஊசி போட்டு அளக்கும்போது பெரியவர்களுக்கு 25 சென்டிமீட்டர் நீர் அளவுக்கு மேல் இருந்தால் அழுத்தம் அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கட்டியோ ரத்தக் கட்டோ எதுவும் இல்லாமல் அழுத்தம் மட்டும் கூடியிருந்தால் இடியோபதிக் இன்ட்ராக்ரேனியல் ஹைப்பர்டென்ஷன், சுருக்கமாக ஐ.ஐ.எச். பிள்ளை பெறும் வயதில், எடை கூடிய பெண்களுக்கே அதிகம் வருகிறது. ஆண்களுக்கு வருவது குறைவு. வந்தால் பார்வை மோசமாகப் பறிபோகும் வாய்ப்பு அவர்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு என்று கண்டிருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்தில் இதன் முதல் அறிகுறியைச் சொல்லும் விதம் எனக்குப் பழகிவிட்டது. அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து வேலை செய்யும் அக்கா ஒருவர் சொன்னது: "குனிஞ்சு நிமிந்தா ரெண்டு கண்ணும் இருட்டிட்டு வருது சாரே, அஞ்சாறு செகண்டுல தெளிஞ்சிரும்." ரப்பர் வெட்டப் போகிறவர்களும் மரத்தடியில் குனிந்து சிரட்டையை எடுத்து நிமிரும்போது இப்படி ஆவதாகச் சொல்வார்கள். ரத்தக்குறைவு, பசி மயக்கம் என்று எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். கூடவே காதுக்குள் நாடித் துடிப்போடு சேர்ந்து 'விஸ், விஸ்' என்ற சத்தம், காலையில் எழும்போது தலைவலி, தூரத்துப் பொருள் இரண்டாகத் தெரிவது, இவற்றில் ஏதாவது இருந்தால் கண்ணாடிக் கடையோடு நிற்காமல் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

## ஒப்பிடுவதற்கு முன் தள்ளிவிட வேண்டியவை

நரம்பு வீக்கம் என்று எழுதிக் கொடுத்தவுடன் மாத்திரையா ஆபரேஷனா என்று போகக் கூடாது. வேறு காரணம் இருந்தால் வைத்தியமே வேறு.

எம்.ஆர்.ஐ எடுக்கும்போது மூளையின் சிரைகளைக் காட்டும் வெனோகிராமும் சேர்த்து எடுத்தார்களா என்று கேளுங்கள். பிரசவமான சில வாரங்களிலோ கருத்தடை மாத்திரை எடுக்கும்போதோ சிரைக்குள் ரத்தம் கட்டிக்கொண்டு இதே வீக்கத்தைக் கொடுக்கலாம். அதற்கு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து உடனே வேண்டும். ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறியிருந்தாலும், ஹீமோகுளோபின் மிகக் குறைந்திருந்தாலும், டி.பி மூளைக்காய்ச்சல் இருந்தாலும் நரம்பு வீங்கும். பருவுக்குக் கொடுத்த டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின், அளவுக்கு மேல் போன விட்டமின் ஏ, திடீரென்று நிறுத்திய ஸ்டீராய்டு என்று மருந்தே காரணமாக இருப்பதும் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய பழைய அட்டை வீட்டில் கிடந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே நரம்பு முனை மேடாக இருக்கும். உள்ளே சுண்ணாம்புத் துகள் படிந்தும் மேடாகத் தெரியும். இது பொய் வீக்கம். கண் ஸ்கேனும், ஒளியால் நரம்பு அடுக்கைப் படமெடுக்கும் ஓ.சி.டி.யும் பார்த்துப் பிரித்துவிடலாம்.

## எதை வைத்து எடை போடுவது

பார்வைப் புலம் போகும் வேகம். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. இந்த நோயில் ஓரப் பார்வைதான் முதலில் போகும். நடுப் பார்வை கடைசி வரை நிற்கும். எழுத்துப் பலகையில் 6/6 வாசிக்கிறவர், பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் வரும் ஆளை இடித்துக்கொண்டு நடப்பார். அதனால் '6/6 தெரிகிறது, பயமில்லை' என்ற வரியை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள்.

ஃபீல்டு டெஸ்ட் பிரின்ட்டை நீங்களே கொஞ்சம் படிக்கலாம். வலது ஓரத்தில் எம்.டி என்று மைனஸில் ஒரு எண் இருக்கும். அந்த வயதுக்கு இருக்க வேண்டிய பார்வையை விடச் சராசரியாக எவ்வளவு குறைவு என்று டெசிபெல் கணக்கில் சொல்வது அது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. மைனஸ் 2 முதல் 7 வரை லேசான இழப்பு. மைனஸ் 15, 20 என்று இறங்கினால் பேச்சு வேறு. இடது மேல் பக்கத்தில், பார்வை எத்தனை முறை விலகியது, விளக்கு எரியாமலே எத்தனை முறை பட்டனை அழுத்தினார் என்ற கணக்கும் இருக்கும். விடியற்காலை பஸ் பிடித்து வந்து, சாப்பிடாமல், தூக்கக் கலக்கத்தில் எடுத்த டெஸ்ட்டில் இந்தக் கணக்கு கன்னாபின்னாவென்று இருக்கும். அந்தத் தாளை வைத்து ஆபரேஷன் முடிவு எடுப்பதை விட, ஒரு காப்பி குடித்துவிட்டு இன்னொரு முறை எடுப்பது நல்லது.

தொந்தரவு தலைவலியா, பார்வையா. இரண்டும் ஒன்றாகக் குறைவதில்லை. பார்வையைக் காக்கும் ஆபரேஷன் தலைவலியை அப்படியே விட்டுவிடலாம்.

பிள்ளை பெறும் திட்டம். கல்யாணம் நிச்சயமானவர்கள் இதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். மருந்தைத் தேர்ந்தெடுப்பதே இதை வைத்துத்தான்.

திரும்பத் திரும்ப வர முடியுமா. சில சிகிச்சைகள் ஒரு தடவையோடு முடியாது. பேச்சிப்பாறை மேலே எஸ்டேட்டில் இருப்பவருக்கும் நாகர்கோவில் டவுனில் இருப்பவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

முழுச் செலவு. ஆபரேஷன் பில் மட்டும் இல்லை. கூட வருகிறவரின் நாள் கூலி, அடுத்தடுத்த ஸ்கேன், கருவி பழுதானால் மறு ஆபரேஷன் எல்லாம் சேர்ந்தது.

## எடைக் குறைப்பும் அசிட்டசோலமைடும்

பார்வை இழப்பு லேசாக இருப்பவர்களுக்கு முதல் வழி இது. அசிட்டசோலமைடு மூளை நீர் சுரப்பதைக் குறைக்கும். டயமாக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்த, கண் அழுத்த நோய்க்கும் கொடுக்கிற அதே மாத்திரை. அமெரிக்காவில் 165 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2014-இல் வெளியானது. எல்லோருக்கும் எடைக் குறைப்பு உணவுத் திட்டம். பாதிப் பேருக்கு அதோடு இந்த மாத்திரை, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஆறு மாதத்தில் எம்.டி எண் மாத்திரைக்காரர்களுக்கு 1.43 டெசிபெலும் மற்றவர்களுக்கு 0.71 டெசிபெலும் முன்னேறியது. பிரமாதமான வித்தியாசம் என்று சொல்ல முடியாது, ஆனால் உண்மையான வித்தியாசம். அதில் சேர்த்தவர்கள் எல்லோரும் மைனஸ் 2 முதல் 7 வரை இருந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. மைனஸ் 18-இல் நிற்பவருக்கு அந்த ஆய்வைக் காட்டி 'மாத்திரையே போதும்' என்று சொல்ல வழியில்லை.

மாத்திரை விலை பெரிய சுமை இல்லை. மறைந்திருக்கும் விலை உடம்பில் தெரியும். விரல் நுனியும் உதடும் சுருசுருவென்று மரத்துப்போகும். அலுப்பு அடிக்கும். சோடா சர்பத் குடித்தால் அந்தச் சுர்ரென்ற கடியே நாக்கில் ஏறாமல் ஏதோ தகரத்தை நக்கியது போல இருக்கும். இதெல்லாம் மருந்தின் வேலைதான், பயப்பட வேண்டாம். பொட்டாசியம் குறைவதும் சிறுநீரகக் கல்லும் கவனிக்க வேண்டியவை. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். சல்பா மருந்து ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

இதற்குப் பதிலாகவோ கூடவோ சிலருக்கு டோபிராமேட் கொடுப்பார்கள். தலைவலிக்கும் நல்லது, எடையும் குறையும். ஆனால் கருவில் குறைபாடு உண்டாக்கும் மருந்து அது. பிள்ளைக்குத் திட்டமிடுகிறவர்களுக்கு ஆகாது.

எடையைப் பற்றி: இருக்கிற எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாற்றம் தெரிகிறது, நோய் முழுசாக அடங்க 15 சதவீதம் வரை தேவைப்படலாம். 80 கிலோ இருப்பவருக்கு 12 கிலோ. சொல்வது எளிது. மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும், சாயங்காலம் பழம்பொரியும் டீயும், ராத்திரி பரோட்டாவும் இருக்கிற ஊரில் அது ஒரு தனிப் போராட்டம். மீனை விட வேண்டாம். மரச்சீனி அளவையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் பாதியாக்குவதில் ஆரம்பிக்கலாம். எடை மிக அதிகமாக, உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கான பி.எம்.ஐ 35-க்கு மேல் இருப்பவர்களுக்கு எடைக் குறைப்பு ஆபரேஷனும் ஒரு வழி. 66 பெண்களை வைத்து பிரிட்டனில் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடம் கழித்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் மண்டை அழுத்தம் சராசரியாக 26.4 சென்டிமீட்டர், உணவுத் திட்டத்தில் மட்டும் இருந்தவர்களுக்கு 32. பலன் வர மாதக்கணக்காகும் என்பதால், பார்வை ஆபத்தில் இருக்கும் நேரத்துக்கு இது உதவாது.

## கண் நரம்பு உறையில் கீறல்

நரம்பைச் சுற்றியிருக்கும் உறையில், விழிக்குப் பின்னால் சிறு ஜன்னல் போலக் கீறிவிட்டு நீரை வெளியேற விடுகிறார்கள். கண் டாக்டர் செய்வது, கண் குழிக்குள்ளேயே முடிவது. மண்டையைத் திறக்க வேண்டாம், உடம்புக்குள் டியூபும் இல்லை.

பார்வை வேகமாகப் போகிறது, தலைவலி பெரிதாக இல்லை என்றால் இது மிகப் பொருத்தம். தலைவலிக்காகச் செய்வதில் அர்த்தமில்லை. மண்டைக்குள் அழுத்தம் பெரிதாகக் குறையாது. கொஞ்ச நாள் இரட்டைப் பார்வையும் கண்மணி விரிந்து நிற்பதும் வரலாம். அபூர்வமாக விழித்திரை ரத்தக் குழாய் அடைபட்டு இருந்த பார்வையும் போவதுண்டு. சில வருடத்தில் கீறிய இடம் மூடிக்கொள்ளவும் செய்யும்.

இதில் மறைந்திருக்கும் செலவு தேடல்தான். எல்லாக் கண் ஆஸ்பத்திரியிலும் செய்வதில்லை. கை பழகிய டாக்டர் எங்கே என்று கேட்டுத்தான் போக வேண்டும்.

## ஷண்ட்

மூளைக்குள் நீர் தங்கும் அறையிலிருந்தோ முதுகுத்தண்டிலிருந்தோ வயிற்றுக்குள் மெல்லிய டியூபை இறக்கி நீரை வடிய விடுவது. அழுத்தம் உடனே இறங்கும். பார்வைக்கும் தலைவலிக்கும் சேர்த்து நிவாரணம். இரண்டு கண்ணிலும் பார்வை நாளுக்கு நாள் போகும்போது பல இடங்களில் இதைத்தான் முதலில் எடுப்பார்கள், ஏனென்றால் பெரிய நரம்பியல் அறுவைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிகளில் இது கைவசம் இருக்கிற ஆபரேஷன்.

ஐ.ஐ.எச் நோயாளிக்கு மூளை அறைகள் சிறிதாகவே இருக்கும் என்பதால், டியூபைச் சரியான இடத்தில் இறக்க வழிகாட்டும் கருவி உள்ள இடம் நல்லது. முதுகிலிருந்து இறக்கும் டியூப் நகர்வதும் அடைபடுவதும் கூடுதல்.

ஷண்ட் வைத்தவர் வாழ்நாள் முழுக்க அதோடு வாழ்கிறார். அடைப்பு, கிருமித் தொற்று, நீர் அதிகமாக வடிந்து நிமிர்ந்தால் தலைவலி என்று மறுபடி ஆபரேஷன் மேசைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். டியூபில் நீர் வடியும் அளவைக் கட்டுப்படுத்தும் வால்விலும் இரண்டு வகை. நிலையான அளவுள்ளது விலை குறைவு. வெளியிலிருந்தே அளவை மாற்றக்கூடியது விலை கூடுதல். மாற்றக்கூடிய வால்வு சிலவற்றின் அளவு எம்.ஆர்.ஐ காந்தத்தில் மாறிவிடும், ஸ்கேன் முடிந்ததும் சரிபார்க்க வேண்டும். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று எழுதி வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். நடு ராத்திரி வாந்தியும் தலைவலியுமாக வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது அந்தச் சீட்டுதான் பேசும். மலை மேல் எஸ்டேட்டில் தனியாக இருப்பவருக்கு ஷண்ட் பேசும்போது நான் தயங்குவது இந்த ராத்திரியை நினைத்துத்தான்.

## சிரை ஸ்டென்ட்

பல நோயாளிகளுக்கு மூளையிலிருந்து ரத்தம் வெளியேறும் பக்கவாட்டுச் சிரை ஓரிடத்தில் குறுகியிருக்கும். தொடை வழியாகக் கம்பி ஏற்றி அந்த இடத்தின் இரு புறமும் அழுத்தத்தை அளக்கிறார்கள். வித்தியாசம் 8 மில்லிமீட்டர் பாதரசம் அளவுக்கு இருந்தால், சிரையை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக் குழாயான ஸ்டென்ட் வைக்கலாமா என்று யோசிப்பார்கள். காதில் துடிப்புச் சத்தத்தால் தூக்கம் கெட்டவர்களுக்கு இது நல்ல பலன் தரும். வயிற்றில் டியூப் இல்லை, வீடு திரும்புவதும் சீக்கிரம்.

விலை இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கிறது. ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்த்து மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். அந்தக் காலத்தில் வேறு ஆபரேஷன், கர்ப்பம் எல்லாம் சிக்கலாகும், மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமுள்ளவர்களுக்கு இன்னும் கஷ்டம். அடுத்து, ஸ்டென்ட்டுக்குப் பக்கத்துப் பகுதி மறுபடி குறுகி இன்னொன்று வைக்க நேரலாம். ஸ்கேன் படத்தில் குறுகல் தெரிகிறது என்பதற்காக மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அழுத்த வித்தியாசம் அளந்த எண் எவ்வளவு என்று கேளுங்கள்.

## முதுகில் நீர் எடுப்பது, ஸ்டீராய்டு, வர்மம், தாரை

முதுகில் நீர் எடுத்தவுடன் தலை லேசாகும், அதனால் 'மாசம் ஒருக்கா எடுத்தா போதாதா' என்று கேட்பார்கள். தினம் அரை லிட்டர் சுரக்கும் நீரை அப்படி எடுப்பது, குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டியை வாளியால் இறைப்பதுதான். ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் வரை பார்வையைப் பிடித்து நிறுத்தவும், கர்ப்பிணிகளுக்கு மருந்தைத் தவிர்க்கவும் உதவும். ஸ்டீராய்டு நீண்ட நாள் கொடுத்தால் எடை ஏறும், நிறுத்தும்போது அழுத்தமும் திரும்ப ஏறும்.

குமரி மாவட்டத்தில் தலைவலி என்றால் வர்ம ஆசானிடமோ, கேரளப் பக்கம் போய்த் தாரை வைக்கவோ, அதாவது நெற்றியில் எண்ணெயை ஒழுக விடும் சிகிச்சைக்கோ போவது வழக்கம். வலி கொஞ்சம் தணியலாம். சிக்கல் என்னவென்றால், வலி தணிந்தது மண்டை அழுத்தம் இறங்கியதற்கு அடையாளம் ஆகாது. எண்ணெய்ச் சிகிச்சை முடியட்டும் என்று காத்திருந்த வாரங்களில் நரம்பு காய்ந்து போகும். காய்ந்த நரம்பில் வீக்கமும் தெரியாது; 'வீக்கம் வத்திட்டு' என்று வீட்டில் சந்தோஷப்படும்போது ஃபீல்டு டெஸ்ட்டில் நடுவில் ஒரு சிறு வட்டம்தான் மிச்சம் இருக்கும்.

## ஒரே பார்வையில்

| | மாத்திரை, எடைக் குறைப்பு | நரம்பு உறைக் கீறல் | ஷண்ட் | ஸ்டென்ட் |
|---|---|---|---|---|
| பார்வைக்கு | மெதுவாக | வேகமாக | வேகமாக | தேர்ந்தெடுத்தவர்களுக்கு நன்று |
| தலைவலிக்கு | ஓரளவு | குறைவு | நன்று, ஆனால் திரும்ப வரலாம் | பலருக்கு நன்று |
| பிள்ளைக்குத் திட்டம் இருந்தால் | மருந்து பார்த்துத் தேர்வு | தடையில்லை | வைத்துக்கொள்ளலாம். கர்ப்பத்தில் கண்காணிப்பு | ரத்த மருந்து முடியும் வரை தள்ளிப் போடுவது நல்லது |
| மறைந்த விலை | ரத்தப் பரிசோதனை, மாதக்கணக்கில் கட்டுப்பாடு | கை பழகிய டாக்டரைத் தேடுவது | மறு ஆபரேஷன் | ரத்த மருந்து, மறுபடி குறுகல் |
| பொருந்துவது | லேசான இழப்பு, தவறாமல் வரக்கூடியவர் | பார்வை போகிறது, தலைவலி குறைவு | பார்வையும் தலைவலியும் மோசம் | குறுகலும் அழுத்த வித்தியாசமும் நிரூபணமானவர் |

பட்டியலுக்குள் அடங்காத ஒரு நிலை இருக்கிறது. அறிகுறி தொடங்கி நான்கு வாரத்துக்குள் பார்வை சரசரவென்று இறங்கினால் அது அவசரம். ஒன்றிரண்டு நாளுக்குள் கீறலோ ஷண்டோ செய்ய வேண்டியிருக்கும். அதுவரை முதுகில் தற்காலிக வடிகுழாய் வைப்பார்கள். எது சிறந்தது என்ற ஆராய்ச்சிக்கு அப்போது இடமில்லை. பக்கத்தில் எது உடனே கிடைக்கிறதோ அதுவே சிறந்தது.

## எல்லையின் எந்தப் பக்கம் போவது

களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நாகர்கோவிலைத் தாண்டித் திருநெல்வேலி போவதை விட அது பக்கம், அதனால் பெரும்பாலோர் அங்கேதான் போகிறார்கள். அங்குள்ள ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தில் நரம்பியல் அறுவையும், ஸ்டென்ட் வைக்கும் ரேடியாலஜிப் பிரிவும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அரசு மண்டலக் கண் மருத்துவ நிறுவனமும் அதே ஊரில்தான். தமிழ்நாட்டுப் பக்கம் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் ஆரம்பப் பரிசோதனையை முடித்துக்கொள்ளலாம். கண் நரம்பியலுக்கென்றே தனிப் பிரிவு வேண்டுமானால் மதுரை அரவிந்த்.

தூரத்தை விடக் காப்பீட்டு அட்டைதான் பல வீடுகளில் முடிவெடுக்கிறது. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடும் கேரளத்தின் காருண்யாவும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை தருகின்றன. ஆனால் ஒரு மாநில அட்டை அடுத்த மாநில ஆஸ்பத்திரியில் செல்லுமா என்பதை அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். 'ஷண்ட்டுக்கு உண்டா' என்று கேட்டால் போதாது. மாற்றக்கூடிய வால்வுக்கு உண்டா, மறு ஆபரேஷனுக்கு உண்டா, ஸ்டென்ட் பொருளின் விலை சேருமா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

மாத்திரை வழியைத் தேர்ந்தெடுத்தால் அடிக்கடி எடுக்க வேண்டியது ஃபீல்டு டெஸ்ட்தான். அதற்காக ஒவ்வொரு முறையும் எல்லை தாண்ட வேண்டாம். டாக்டர் திருவனந்தபுரத்தில் இருந்தாலும் டெஸ்ட்டை மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ எடுத்துக் கொண்டுபோகலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மெஷினில், ஒரே புரோகிராமில் எடுக்கச் சொல்லுங்கள். இடம் மாறினால் எண்ணை எண்ணோடு ஒப்பிட முடியாது. எம்.ஆர்.ஐ ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துப் போகாமல் சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். படம் இல்லாமல் போனால் மறுபடி ஸ்கேன் எழுதுவார்கள். நரம்பு முனையின் போட்டோவையும் போனில் தேதியோடு வைத்திருங்கள்.